மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்த பையன்!

ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கைக் கதை

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் ஏரி. ஒல்லாந்தர்கள் 1613-ம் ஆண்டிலேயே கோட்டை கட்டிய பழைய ஊர். ஏரிக்கரை நெடுகிலும் மீனவர் குப்பங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னேரிச் சாலையில் சில நாட்கள் ஒரு சத்தம் கேட்கும். தட தட தட தட என்று வயிற்றைக் குலுக்கும் சத்தம். பழைய மோட்டார் சைக்கிள்களின் பிரியர்கள் சென்னையிலிருந்து கூட்டமாக வருகிறார்கள் என்று அர்த்தம்! அவற்றில் சில வண்டிகளுக்கு, ஓட்டுகிறவரைவிட வயது அதிகம். வண்டி நின்றதும் குப்பத்துச் சிறுவர்கள் ஓடிப் போய்ச் சுற்றி நிற்பார்கள்.

இந்தப் பிரியர்கள் சங்கம் வைத்துக் கூடுகிறார்கள். எதற்காக? ஊர் சுற்றுவதற்கு மட்டும் அல்ல. பழைய வண்டிக்குக் கடையில் சாமான் எளிதில் கிடைக்காது. பழுது பார்க்கிறவரும் கிடைக்கமாட்டார். ஆகவே ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்தவரிடம்தான் பழைய வண்டி ஓடும்.

பழவேற்காட்டு மீனவருக்கும் இந்த விஷயம் நன்றாகத் தெரியும். இன்று பல படகுகளில் இயந்திரம் இருக்கிறது. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போன பிறகு அது நின்றுவிட்டால் என்ன ஆகும்? பிடித்த மீன் கெட்டுப் போகும். அன்றைய வருமானம் போகும். காற்று எழும்பினால் உயிருக்கே ஆபத்து! அப்போது இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் படகில் இருந்தால் போதும். எல்லோரும் கரை சேர்ந்து விடுவார்கள்.

இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். அதைப் பற்றிய அறிவைக் கைதான் சம்பாதிக்க வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு இந்த உண்மையைக் கண்டுகொண்டவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆனால் பிற்காலத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்கே தலைவராக இருந்தார்!

அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு.

தாயில்லாப் பிள்ளை

கோயமுத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி ஒரு குழந்தை பிறந்தது. தகப்பனார் பெயர் கோபால்சாமி. குழந்தைக்குத் துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். விவசாயக் குடும்பம்.

குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே தாய் இறந்து போனாள். தாய்ப்பாசம் என்றால் என்ன என்று தெரியாமலே பையன் வளர்ந்தான்.

பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். அவனுக்குப் பாடம் பிடிக்கவில்லை. வாத்தியாரையும் பிடிக்கவில்லை. கண்டித்த ஆசிரியரின் கண்ணில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடினான் என்று ஒரு கதை சொல்வார்கள். ஆரம்பப் பள்ளியோடு அவனுடைய படிப்பு நின்றுவிட்டது.

பிறகு? ஏர் பிடித்தான். தோட்ட வேலை செய்தான். படிக்காத பையன் என்று ஊரார் நினைத்தார்கள். ஆனால் அவனுடைய கண் சும்மா இருக்கவில்லை. எதைப் பார்த்தாலும் அது எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மாடும் இல்லை, குதிரையும் இல்லை!

அந்தக் காலத்தில் கிராமத்துச் சாலையில் என்ன போகும்? மாட்டு வண்டி போகும். குதிரை வண்டி போகும். பெரிய மனிதர் வந்தால் சைக்கிள் வரும். அவ்வளவுதான்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். அவர் ஏறி வந்த வண்டியைப் பார்த்துத் துரைசாமி மலைத்துப் போனான். இரண்டு சக்கரம்தான். ஆனால் மிதிக்கவில்லை! மாடும் இல்லை, குதிரையும் இல்லை! புகையைக் கக்கிக்கொண்டு தானாகவே ஓடியது!

அது ரட்ஜ் என்ற மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தில் கவன்ட்ரி என்ற நகரத்தில் செய்தது. முதலில் சைக்கிள் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. 1911-ம் ஆண்டு வாக்கில்தான் மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1914-ல் ஐல் ஆப் மேன் தீவில் நடந்த பேர்போன பந்தயத்தில் ஒரு ரட்ஜ் வண்டி முதலாவதாக வந்தது. இன்று அந்தக் கம்பெனி இல்லை. இன்று ஒரு பழைய ரட்ஜ் கிடைத்தால், பழைய வண்டிப் பிரியர்கள் அதைப் புதையல்போலப் பாதுகாப்பார்கள்.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளை ஓட்டுவது இப்போதுபோல எளிதல்ல. விளக்குக்கு மின்சாரம் கிடையாது. திருவிழாக் கடைகளில் எரியுமே, கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவிட்டு எரிக்கும் விளக்கு, அதுதான் வண்டிக்கும் விளக்கு! இயந்திரத்துக்கு எண்ணெயும் தானாகப் போகாது. ஓட்டுகிறவரே ஓடும்போது கையால் பம்பு அடித்து எண்ணெய் விட வேண்டும். மறந்துவிட்டால் இயந்திரம் சூடேறி இறுகி நின்றுவிடும்.

வண்டி போய்விட்டது. புழுதி அடங்கிவிட்டது. ஆனால் துரைசாமியின் மனம் அடங்கவில்லை. அந்த வண்டியைத் தான் வாங்கியே தீர வேண்டும் என்று உறுதி கொண்டான்.

ஓட்டலில் வேலை

வண்டி வாங்கப் பணம் வேண்டுமே! பையனிடம் ஏது பணம்?

துரைசாமி கோயமுத்தூருக்குப் போனான். ஒரு ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தான். இலை போட்டான். பண்டம் பரிமாறினான். மேசை துடைத்தான். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று விட்டுவிட்டான். கிடைத்த காசை வீணாக்கவில்லை. ஒவ்வொரு காசாகச் சேர்த்தான்.

ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல. ஆண்டுக் கணக்கில் சேர்த்தான். கடைசியில் அதிகாரியிடம் பணத்தைக் கொடுத்து, அந்த மோட்டார் சைக்கிளையே சொந்தமாக்கிக் கொண்டான்!

இன்னொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? வண்டிக்கு மாலை போட்டு, ஊரைச் சுற்றி நாலு தரம் ஓட்டி, எல்லோரும் பார்க்கும்படி வாசலில் நிறுத்தியிருப்பார்.

துரைசாமி என்ன செய்தான் தெரியுமா? வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டான்!

பிரித்தான்! பூட்டினான்!

எவ்வளவு துணிச்சல் பாருங்கள். ஆண்டுக் கணக்கில் உழைத்த பணம் அது. ஒரு திருகாணி தொலைந்தாலும் இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும். படித்துப் பார்க்கத் தமிழில் புத்தகம் கிடையாது. சொல்லிக் கொடுக்க ஆளும் கிடையாது. திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால் மிஞ்சுவது பழைய இரும்புதான்!

ஆனால் பையன் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்த்தான். எது எதோடு சேருகிறது, எது அசைந்தால் எது சுழல்கிறது என்று கவனித்தான்.

அவன் கண்டது என்ன? அதை நாமும் தெரிந்துகொள்ளலாம்.

தொட்டியிலிருந்து பெட்ரோல் முதலில் கார்புரேட்டருக்குப் போகிறது. அங்கே காற்றோடு கலந்து மெல்லிய ஆவி போல ஆகிறது. அந்தக் கலவையை சிலிண்டர் என்ற குழாய் உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் என்ற உருளை மேலும் கீழும் போய் வருகிறது. பிஸ்டன் மேலே வரும்போது கலவையை நெருக்குகிறது. சரியாக அந்த நேரத்தில் மேக்னெட்டோ என்ற கருவி ஒரு தீப்பொறியை உண்டாக்குகிறது. கலவை குப்பென்று வெடிக்கிறது! வெடித்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. மேலும் கீழும் போகும் அந்த ஆட்டத்தைக் கிராங்க் என்ற வளைந்த தண்டு சுழற்சியாக மாற்றுகிறது. தையல்காரர் மிதிப் பலகையை மேலும் கீழும் மிதித்தால் சக்கரம் சுற்றுகிறது அல்லவா? அதே தத்துவம்தான். அந்தச் சுழற்சியை ஒரு வார் பின் சக்கரத்துக்குக் கொண்டு போகிறது. வண்டி ஓடுகிறது.

தட தட என்று கேட்கும் ஒவ்வொரு சத்தமும் ஒரு சின்ன வெடி! இதைத் துரைசாமி புத்தகத்தில் படிக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த கையால் படித்தான். பிரித்த வண்டியைத் திரும்பப் பூட்டினான். அது ஓடியது!

அன்றைக்கே அவன் ஒரு மெக்கானிக் ஆகிவிட்டான்.

பம்பாயில் விழுந்த அடி

வாழ்க்கை உடனே உயர்ந்துவிடவில்லை. முதல் உலக யுத்த காலத்தில் திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழில் செய்தார். நல்ல லாபம் வந்தது. கை நிறையப் பணம் சேர்ந்தது.

அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போனார். பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். அங்கே பெரிய பெரிய வியாபாரிகள். விலை காலையில் ஏறும், மாலையில் இறங்கும். கொண்டுபோன பணம் கரைந்தது. வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

சம்பாதித்த பணம் போய்விட்டது. ஆனால் கற்ற வித்தை போகவில்லை! மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கற்ற அந்த வித்தைதான் அவரை மறுபடியும் தூக்கி நிறுத்தியது.

ஒரே ஒரு பஸ்

அப்போது கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் பல தொழில்களை நடத்தி வந்தார். பள்ளிக்கூடமும் வைத்தவர். நாயுடுவின் திறமையை அவர் மதித்தார். பஸ் வாங்குவதற்குக் கடன் கொடுத்து உதவினார்.

1920-ம் ஆண்டு ஒரே ஒரு பஸ்ஸோடு நாயுடு தொழில் தொடங்கினார். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு அந்த பஸ் ஓடியது. ஓட்டியவர் யார்? முதலாளியேதான்!

பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 60 கிலோமீட்டருக்கு மேல் தூரம். மாட்டு வண்டியில் போனால் வழியில் தங்கித்தான் போக வேண்டும். சந்தைக்குப் போகிறவர்களும், முருகனைக் கும்பிடப் போகிறவர்களும் பஸ்ஸில் ஏறினார்கள். வழியில் பஸ் நின்றுவிட்டால் நாயுடு வேறு ஆளைத் தேடி ஓட வேண்டியதில்லை. தாமே இறங்கிச் சரி செய்வார். ஆகவே அவருடைய பஸ் வந்து சேரும் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

ஒரு பஸ் இரண்டாகியது. இரண்டு பத்தாகியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று கம்பெனிக்குப் பெயர். சுருக்கமாக யூ.எம்.எஸ். என்றால் கொங்கு நாட்டில் தெரியாதவர் இல்லை. 1933-ம் ஆண்டு வாக்கில் 280 பஸ்கள் ஓடின!

ஓட்டலில் இலை போட்ட பையன் நாட்டின் பெரிய பஸ் முதலாளிகளில் ஒருவராகி விட்டார்.

கடல் கடந்த பயணம்

பணம் வந்ததும் நாயுடு சும்மா உட்காரவில்லை. உலகத்தைப் பார்க்கப் புறப்பட்டார். ஐரோப்பாவுக்குப் போனார். அமெரிக்காவுக்கும் போனார். கையில் எப்போதும் காமிரா இருக்கும். 1936-ம் ஆண்டு லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் நடந்தபோது, அதைச் சினிமாப் படமாக எடுத்தார். ஜெர்மனியில் ஹிட்லரைப் படம் பிடித்தார். காந்தியடிகளையும், நேருவையும், சுபாஷ் சந்திர போசையும் படம் பிடித்திருக்கிறார்.

வெளிநாட்டில் வேடிக்கை பார்ப்பவர்கள் பலர். நாயுடு தொழிற்சாலைகளைப் பார்த்தார். அங்கே செய்வதை இங்கே ஏன் செய்யக்கூடாது என்று யோசித்தார்.

முகம் மழிப்பதற்கு மின்சார ரேஸர் ஒன்றை உருவாக்கினார். டார்ச் விளக்கில் போடும் பாட்டரிபோல, உலர்ந்த பாட்டரியால் ஓடும் சின்னஞ்சிறு மோட்டார் அதற்குள் இருந்தது. ரசன்ட் என்பது அதன் பெயர். மிக மெல்லிய சவர பிளேடு செய்தார். பழச்சாறு பிழியும் கருவி செய்தார். மண்ணெண்ணெயால் ஓடும் மின்விசிறி செய்தார். தேர்தலில் மோசடி நடக்காதபடி ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரமும் செய்தார். ஓட்டு இயந்திரம் நாடெங்கும் புழக்கத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பற்றி யோசித்தவர் அவர்.

தோட்டத்தையும் அவர் விடவில்லை. பத்து அடி உயரத்துக்குப் பருத்திச் செடி வளர்த்துக் காட்டினார். பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

கிணற்றுக்கு வந்த மோட்டார்

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்று உண்டு.

கோவைப் பக்கத்துக் கிணறுகள் மிகவும் ஆழமானவை. கவலை கட்டி, இரண்டு மாடுகளை முன்னும் பின்னும் நடக்க வைத்துத்தான் தண்ணீர் இறைப்பார்கள். பொழுது விடியுமுன் ஆரம்பித்தால் மாடும் மனிதனும் சேர்ந்து களைத்துப் போகும்வரை இறைப்பு நடக்கும்.

1932-ம் ஆண்டு நீலகிரியில் பைக்காரா மின்சார நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. கோவைக்கு மின்சாரம் வந்தது. மின்சார மோட்டார் இருந்தால் மாடு இல்லாமலே தண்ணீர் இறைக்கலாம். ஆனால் மோட்டார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்! விலையோ அதிகம்!

அதை இங்கேயே செய்தால் என்ன? டி. பாலசுந்தரம் நாயுடு என்ற திறமைசாலியோடு சேர்ந்து ஜி.டி. நாயுடு அந்த வேலையில் இறங்கினார். 1937-ம் ஆண்டு கோவை பீளமேட்டில் இருந்த தொழிற்சாலையில் மின்சார மோட்டார் தயாராகியது. இந்தியாவிலேயே செய்த முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் என்ற பெரிய தொழிற்சாலையைத் தொடங்கினார். அதன் பிறகு மோட்டார் என்றாலும் பம்பு என்றாலும் கோவைதான் என்று பெயர் வந்தது. கவலை மாட்டுக்கு ஓய்வு கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்த அதே கைதான் இங்கேயும் வேலை செய்தது. வெளிநாட்டுப் பொருளைக் கண்டு கைகட்டி நிற்பது நாயுடுவுக்குத் தெரியாது. அதைத் திறந்து பார்ப்பதுதான் தெரியும்!

கல்லூரித் தலைவர்

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் மற்றவர் படிப்புக்காகப் பாடுபட்டார். அவருடைய நன்கொடையாலும் முயற்சியாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்விக் கூடங்கள் தோன்றின. ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாணக் கவர்னர். 1945-ம் ஆண்டு நாயுடுவே கல்லூரியின் தலைவராக அமர்ந்தார். அந்தக் கல்லூரிதான் இன்று கோவையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்கும் அரசாங்கத்துக்கும் ஒத்துப் போகவில்லை. நான்கு ஆண்டுகள் படிக்க வைப்பது காலத்தை வீணாக்குவது என்பது நாயுடுவின் கருத்து. வேலையைக் கையால் செய்து கற்றால் இரண்டு ஆண்டே போதும் என்றார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

நாயுடு என்ன செய்தார்? பதவியை விட்டு விலகிவிட்டார்.

அவருடைய கவலை வேறு. ஏழை வீட்டுப் பையன் நான்கு ஆண்டு சம்பாதிக்காமல் இருக்க முடியுமா? ஏர் ஓட்டுகிறவரின் மகனும், வலை வீசுகிறவரின் மகனும் சீக்கிரம் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வீட்டைக் காப்பாற்ற வேண்டாமா? அதே சமயம், கணக்கும் விஞ்ஞானமும் ஆழமாகப் படிப்பதற்குக் காலம் வேண்டும் என்று சொல்கிறவர்களின் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த வாதம் இன்றும் முடியவில்லை.

கையால் செய்தார், கையாலேயே உடைத்தார்!

நாயுடு 1941-ம் ஆண்டில், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்பது பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது!

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, 1952-ம் ஆண்டு, இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! நடுத்தரக் குடும்பமும் காரில் போகலாம் என்பது அவர் கனவு. ஆனால் அந்தக் காலத்தில் எதைத் தயாரிக்கவும் அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் கனவு அங்கேயே நின்றது.

வரியும் கடுமையாக இருந்தது. சம்பாதிப்பதில் பெரும் பகுதியைக் கட்டிவிட்டு, புதிய முயற்சிகளுக்கு என்ன மிஞ்சும் என்று நாயுடு மனம் கொதித்தார். கடைசியில் யாரும் எதிர்பாராத காரியம் செய்தார். ஜனங்களைக் கூட்டி வைத்து, தாம் தயாரித்த ரேடியோ முதலிய பொருள்களை அவர்கள் கண் முன்னாலேயே உடைத்து நொறுக்கினார்!

ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிளைப் பிரித்தவர்தான் அவர். ஆனால் பிரிப்பது வேறு, உடைப்பது வேறு. பிரித்ததைத் திரும்பப் பூட்டலாம். உடைத்ததைப் பூட்ட முடியுமா? அவர் செய்தது சரியா, தவறா என்று இருபக்கமும் பேசலாம். ஆனால் பெற்ற பிள்ளையைப்போலச் செய்த பொருளைத் தம் கையாலேயே நொறுக்க வேண்டுமானால், அந்த மனத்தில் எவ்வளவு வேதனை இருந்திருக்க வேண்டும்!

திருவொற்றியூரில் பிறந்த புல்லட்

அதே காலத்தில் சென்னைக்கு வடக்கே ஒரு சம்பவம் நடந்தது. அதற்கும் நாயுடுவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அவர் சொல்லி வந்தது எவ்வளவு உண்மை என்பதை அது காட்டியது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்பீல்டு கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்து வந்தது. 1955-ம் ஆண்டு அது சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. என்பீல்டு இந்தியா என்ற புதிய கம்பெனி பிறந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

முதலில் என்ன நடந்தது? பாகங்கள் கப்பலில் வந்தன. நம் தொழிலாளிகள் அவற்றைப் பூட்டினார்கள். பூட்டப் பூட்ட ரகசியம் விளங்கியது. கொஞ்ச காலத்தில் பாகங்களையும் இங்கேயே வார்த்துக் கடைந்து செய்யத் தொடங்கினார்கள்.

1970-ம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி மூடப்பட்டது. தாய் போய்விட்டாள். ஆனால் பிள்ளை பிழைத்துக் கொண்டது! திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் தொடர்ந்து வந்து கொண்டே இருந்தன. பிறகு இங்கிலாந்துக்கே இங்கிருந்து புல்லட் ஏற்றுமதியாகியது. பிரித்துப் பூட்டக் கற்றவனிடம் இயந்திரம் சாகாமல் இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

திருவொற்றியூருக்கு வடமேற்கே இருக்கும் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், மோட்டார் பந்தயங்கள் நடந்தன. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறிப் பாய்வதைப் பார்க்க ஆண்டுதோறும் ஜனங்கள் திரண்டார்கள். இப்போது அங்கே பந்தயம் இல்லை. ஆனால் அந்தப் பந்தயங்கள் வளர்த்துவிட்ட மோட்டார் ஆசை இன்னும் இருக்கிறது. பழவேற்காட்டுச் சாலையில் தட தட என்று போகும் பழைய வண்டிகளில் புல்லட்டுகளுக்குக் குறைவில்லை.

பத்துக் கிலோமீட்டர்ப் பாலம்

முதுமையிலும் நாயுடு ஓயவில்லை. ஒரே நாளில் வீடு கட்டி முடிக்கலாம் என்று சொல்லி, கட்டியும் காட்டினார். கோவையில் பொருட்காட்சி அமைத்து, தாம் செய்தவற்றையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவற்றையும் மாணவர்கள் பார்க்கும்படி வைத்தார்.

1974-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவர் சேர்த்த மோட்டார் ஆசை குடும்பத்தில் தொடர்ந்தது. 2015-ம் ஆண்டு கோவை அவினாசி சாலையில் பழைய கார்களுக்கென்று ஜி.டி. கார் மியூசியம் திறக்கப்பட்டது. பல நாடுகளின் பழைய கார்களைக் குழந்தைகள் அங்கே போய்ப் பார்க்கலாம். 2025-ம் ஆண்டு அதே அவினாசி சாலையின் மேல் சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய பெரிய மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரையே வைத்தார்கள்.

மேம்பாலத்தில் இரவும் பகலும் வண்டிகள் பறக்கின்றன. ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள்! இன்று மோட்டார் சைக்கிள் வாங்க யாரும் ஆண்டுக் கணக்கில் ஓட்டலில் இலை போட வேண்டியதில்லை. தவணை கட்டி வாங்கிவிடலாம்.

ஆனால் வாங்கிய வண்டி நடுவழியில் நின்றால், இறங்கிக் குனிந்து பார்க்கிற பையன் ஒருவன் ஏதாவது ஒரு வீட்டில் இருப்பான். கையில் எண்ணெய் பூசிக்கொள்வான். சட்டையைக் கறையாக்குவான். பாதி பிரித்துவிட்டுப் பூட்டத் தெரியாமல் விழிப்பான். பெற்றோர்களே, அவனை உடனே அடித்துவிடாதீர்கள்! ஒரு துணியை விரித்து, கழற்றிய திருகாணிகளை வரிசையாக வைக்கச் சொல்லிக் கொடுங்கள். மற்றதை அவன் கற்றுக்கொள்வான்.